நன்றி கைமாறிய வழி

அக்கா மகள் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் மாலை திருக்குறளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 67ஆம் குறளில் வந்து நின்றுவிட்டாள். "மாமா, மகன்தானே அப்பாவுக்கு நன்றி சொல்லணும்? இங்க அப்பா எதுக்கு மகனுக்கு நன்றி சொல்றார்?" என்று கேட்டாள். கற்றோர் அவையில் முன்வரிசையில் இருக்கும்படி மகனை ஆளாக்குவதே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்பது அந்தக் குறளின் கருத்து. 'நன்மை' என்று நான் விளக்கிய இடத்தில் வள்ளுவர் வைத்திருக்கும் சொல் 'நன்றி'. சிறுமி தவறாகப் படிக்கவில்லை. தன் காலத்துத் தமிழை வைத்துப் படித்தாள். இரண்டு தமிழுக்கும் நடுவில் அந்தச் சொல் எங்கோ இடம் மாறியிருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் போனதில் பல மொழிகளின் வாசலில் நிற்க நேர்ந்தது.

நல், நன்று, நன்மை, நன்றி எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. 138ஆம் குறளில் நல்லொழுக்கம் எதற்கு விதை என்று வள்ளுவர் சொல்லும்போதும் நன்றி என்றே சொல்கிறார். அங்கே அதற்கு நன்மை, அறம் என்ற பொருள்தான் பொருந்தும். மூதுரையின் முதல் வெண்பாவைப் பள்ளியில் படிக்காதவர் குறைவு. தென்னை வேரில் உண்ட நீரைத் தலையில் இளநீராகத் தருவதைக் காட்டி, செய்த உதவி என்றைக்குத் திரும்பும் என்று கேட்காதே என்று ஔவை சொல்லும் பாட்டு அது. அங்கேயும் நன்றி, ஒருவர் மற்றொருவருக்குச் செய்வது. பழைய தமிழில் நன்றியோடு சேரும் வினை 'செய்'. இன்றைய தமிழில் சேருபவை சொல், கூறு, தெரிவி, செலுத்து. அன்று நன்றி உதவியவரின் கையில் இருந்தது. இன்று உதவி பெற்றவரின் வாயில் இருக்கிறது.

செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் வினைச்சொற்களுக்காக மட்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். செய்தல் வருகிறது. எடைபோட்டுப் பார்க்கும் 'தூக்குதல்' வருகிறது. தெரிதல், மறத்தல், உள்ளுதல் வருகின்றன. கடைசிக் குறளில் கொல்லுதல் வருகிறது. சொல்லுதல் என்ற வினை மட்டும் ஓரிடத்திலும் இல்லை. உதவி பெற்றவன் வாய் திறந்து என்ன சொல்லவேண்டும் என்று வள்ளுவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் அறிய வேண்டும், அளக்க வேண்டும், ஏழு பிறப்பிலும் நினைத்திருக்க வேண்டும். அதிகாரத்தின் பெயரே 'அறிதல்' என்றுதான் முடிகிறது.

இந்த 'அறிதல்' வடமொழியிலும் அச்சாக இருக்கிறது. நன்றியுடையவனுக்கு அங்கே கிருதக்ஞன் என்று பெயர். கிருதம் செய்யப்பட்டது, அதை அறிந்தவன் கிருதக்ஞன். நன்றி கெட்டவன் கிருதக்னன்: செய்யப்பட்டதைக் கொன்றவன். 110ஆம் குறளில் வரும் கொலையும் இதே கொலைதான். புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழாரும் அதே வினையை ஆள்கிறார். அவர் கொல்லப்படுவதாகச் சொல்வது 'செய்தி'. இன்று நாளிதழில் படிக்கும் செய்தி அன்று 'செய்யப்பட்ட உதவி' என்ற பொருளிலும் வழங்கியிருக்கிறது. கிருதம், செய்தி, செய்ந்நன்றி ஆகிய மூன்றும் செய்கையைக் குறித்த சொற்கள். மூன்றும் கொல்லப்படக்கூடியவை. யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இந்த மண்ணில் நன்றி என்பது பேச்சாக அல்ல, உயிருள்ள பொருளாக நினைக்கப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதவி ஒன்று பிறந்துவிட்டால் அதை நினைவில் வைத்து வளர்க்கலாம், அல்லது மறந்து சாகடிக்கலாம். கிருதக்ஞன் என்ற சொல் பாலியில் கதஞ்ஞு ஆகி, பௌத்தத்தோடு தாய்லாந்துக்குப் போய் கதன்யூ ஆனது. அங்கே இன்றும் பெற்றோரையும் ஆசிரியரையும் மறவாத பிள்ளைக்கு அதுதான் பெயர். கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அதற்கு அவர்களிடம் 'கோப் குன்' தனியாக இருக்கிறது. அதிலுள்ள 'குன்' நம்முடைய குணம்.

ஐரோப்பாவின் வடக்கிலும் நன்றி மனத்துக்குள்தான் தொடங்கியது. ஆங்கிலத்தின் 'தேங்க்' என்ற சொல்லும் நினைத்தலைக் குறிக்கும் 'திங்க்' என்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் 'தங்க்' என்றால் முதலில் நினைப்பு, பிறகு நல்ல நினைப்பு, அதன்பிறகுதான் நன்றி. ஜெர்மனியில் உறவு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 'டெங்கன்' நினைத்தல், 'டாங்கன்' நன்றி சொல்லுதல். இடையில் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற நம் பழமொழியில் நன்றி என்ற சொல்லே கிடையாது. நினை என்பது போதுமானதாக இருந்திருக்கிறது. தமிழில் நன்றியின் எதிர்ப்பக்கம் மறதி. நன்றி மறந்தவன் என்கிறோம். நன்றி சொல்லாதவன் என்று யாரையும் ஏசுவதில்லை.

அரபியின் 'ஷுக்ர்' வேறொரு வாசலைத் திறக்கிறது. பழைய அரபு அகராதிக்காரர்கள் அந்த வேரை விளக்கும்போது ஒரு கால்நடையைக் கொண்டுவருகிறார்கள். கொஞ்சம் தீவனம் போட்டாலும் உடம்பில் நிறையக் காட்டும் பிராணிக்கு 'ஷகூர்' என்று பெயர். பெற்றது சிறிது, வெளியே தெரிவது பெரிது. தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்பவரைப் பற்றிய 104ஆம் குறள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. பாலைவனத்து மேய்ப்பரும் இந்த நாட்டுப் புலவரும் ஒரே கணக்கை வெவ்வேறு தராசில் போட்டிருக்கிறார்கள். குர்ஆனில் ஷுக்ருக்கு எதிராக நிற்கும் சொல் 'குஃப்ர்'. அதன் அடிப்பொருள் மூடுதல், மறைத்தல். பெற்ற அருளை மூடி மறைப்பதே நன்றிகேடு. பிறகு அது இறைமறுப்பையும் குறித்தது. ஷுக்ர் பாரசீகத்தில் ஷுக்ரியா ஆகி, உருதுவிலும் இந்தியிலும் கடைத்தெருப் பேச்சானது. துருக்கியரின் 'தெஷெக்கூர்' அதே வேர்.

நம் நன்றிக்கு மிக நெருங்கிய உறவு எனக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைத்தது. சுவாஹிலியில் நன்றிக்கு 'அசாந்தே' என்பார்கள். 'நீ நல்லது செய்தாய்' என்று பொருள்படும் அரபியின் 'அஹ்ஸந்த' அங்கே இப்படி மருவியது. நல்லது என்ற பொருளும் செய்தவரைச் சுட்டும் விரலும் அதில் இன்னும் உள்ளன. அயர்லாந்து மொழியில் நன்றிக்கான தொடருக்கு நேர்ப்பொருள் 'உன்னிடம் நன்மை இருக்கட்டும்'. நல்லா இருப்பீங்க என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்வதும் இதுதான்.

இனிச் சந்தைப் பக்கம் போகலாம். பிரெஞ்சின் 'மெர்சி' உலகம் முழுக்கக் கேட்ட சொல். அதன் தாய் இலத்தீனின் 'மெர்செஸ்'. பொருள்: கூலி, விலை. கிறித்துவம் பரவிய பிறகு அந்தக் கூலி மண்ணிலிருந்து மேலே ஏறியது. திருப்பித் தர வழியில்லாதவனுக்கு இரங்கியவனுக்கு மேலுலகில் கூலி உண்டு என்ற கருத்தில் அது வழங்க, கூலி மெல்ல இரக்கமாக மாறியது. ஆங்கிலத்தின் 'மெர்சி' இன்றும் இரக்கம், கருணை என்றே நிற்கிறது. பிரெஞ்சில் அதே சொல் 'உங்கள் கருணை' என்ற மரியாதைப் பேச்சாகி, கடைசியில் நன்றியாகச் சுருங்கியது. ஸ்பெயினில் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. 'உங்கள் கருணை' என்று பெரியவர்களை விளிக்கும் 'வுவேஸ்த்ரா மெர்செத்' தேய்ந்து தேய்ந்து 'உஸ்தெத்' ஆனது. ஸ்பானியத்தில் அதுதான் 'நீங்கள்'. ஒரு கூலிச்சொல் ஓரிடத்தில் இரக்கமாகவும், ஓரிடத்தில் நன்றியாகவும், ஓரிடத்தில் மரியாதை விளியாகவும் குடியேறியிருக்கிறது.

இலத்தீனின் மற்றொரு சொல்லான 'கிராத்தியா' ஸ்பானியத்தில் கிராசியாஸ், இத்தாலியில் கிராட்சியே. வெறும் நன்றிக்காக, காசு வாங்காமல் செய்ததை ரோமர்கள் 'கிராட்டிஸ்' என்றார்கள். இலவசம் என்பதன் உள்ளே நன்றி இருந்திருக்கிறது. அதே குடும்பத்தில் வந்த ஒரு சொல் நம் ஊர்த் தொழிலாளர்கள் எல்லோருக்கும் தெரியும்: கிராஜுவிட்டி. முதலாளி மனமுவந்து தரும் நன்கொடையாகத் தொடங்கியது அது. 1972இல் இந்தியாவில் வந்த பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிட்டு அதை உரிமையாக்கியது. இது எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு. மனமிருந்தால் தருவேன் என்ற நிலையிலிருந்து தந்தே ஆகவேண்டும் என்ற நிலைக்கு, நன்றியின் பிள்ளை ஒன்று நடந்து வந்திருக்கிறது. தமிழில் அதற்குப் பணிக்கொடை என்று பெயர் வைத்தவர்கள் கொடை என்ற பழைய வாசனையை விடாமல் காத்திருக்கிறார்கள்.

போர்ச்சுகீசியரின் 'ஒப்ரிகாடு' கடனை மறைப்பதே இல்லை. கட்டுப்பட்டவன் என்பது பொருள். சொல்பவர் பெண்ணானால் 'ஒப்ரிகாடா', கட்டுப்பட்டவள். நன்றிக்கடன், கடமைப்பட்டிருக்கிறேன் என்ற நம் பேச்சும் இந்த இனம். பர்மியரின் தொடரில் செய்த உபகாரம் பெற்றவர்மேல் ஏற்றி வைக்கப்படுகிறது.

மனிதரால் திருப்பித் தர முடியாதபோது தெய்வத்தைச் சாட்சிக்கும் பொறுப்புக்கும் அழைப்பது பல மொழிகளின் வழக்கம். ரஷ்யரின் 'ஸ்பசீபா'வுக்குள் இருப்பது 'கடவுள் காப்பாராக'. ஸ்பானிய நாட்டுப்புறங்களில் 'கடவுள் உனக்குத் திருப்பித் தரட்டும்' என்பார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் கேட்கும் 'ஜஸாக்கல்லாஹு கைர்' என்பதற்கும் இறைவன் உங்களுக்கு நன்மையைக் கூலியாகத் தரட்டும் என்று பொருள். எபிரேயத்தில் நன்றிக்கு 'தோடா' என்று சொல். ஒப்புக்கொள்ளுதல், புகழ்தல் இரண்டும் அதன் வேரில் உண்டு. யூதா என்ற பெயரை விவிலியம் அந்த வேரோடுதான் இணைக்கிறது. ஒரு மக்களினத்தின் பெயருக்குள்ளேயே நன்றி அமர்ந்திருக்கிறது. சிங்களத்தின் 'இஸ்துதி' ஸ்துதி, அதாவது புகழ்ச்சி. தமிழ்க் கிறித்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது சொல்லும் ஸ்தோத்திரமும் அதே தாதுவில் பிறந்தது. மலாய்க்காரர்கள் 'தெரிமா காசே' என்கிறார்கள்: அன்பை ஏற்றுக்கொண்டேன். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் நாள்தோறும் சொல்லும் இந்தத் தொடரில் கடனும் இல்லை, கூலியும் இல்லை. நான் தேடிப் பார்த்தவற்றில் மென்மையானது இதுதான்.

ஜப்பானியரின் 'அரிகாத்தோ' போர்ச்சுகீசியரின் ஒப்ரிகாடுவிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. ஒலி ஒத்திருப்பதால் வந்த மயக்கம் அது. போர்ச்சுகீசியர் ஜப்பானில் கால்வைத்தது 1543இல். அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அரண்மனைப் பணிப்பெண்ணான செய் ஷோனகோன் தன் 'தலையணைப் புத்தக'த்தில் 'அரிகதாக்கி' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். 'இருப்பதற்கு அரியவை' என்று பொருள். பட்டியலில் மாமனார் மெச்சும் மருமகன் இருக்கிறான். மாமியார் கொண்டாடும் மருமகள் இருக்கிறாள். முடியை ஒழுங்காகப் பிடுங்கும் வெள்ளிச் சிமிட்டாவும் இருக்கிறது. கிடைத்தற்கரியது என்ற இந்தச் சொல்தான் பின்னாளில், கிடைத்தற்கரியதைப் பெற்றவரின் நெகிழ்ச்சியாக மாறியது. அரிது என்று நாம் சொல்லும்போது உள்ள அதே வியப்பு அதில் இருக்கிறது.

ஜப்பானியத்தில் நன்றி சொல்ல இன்னொரு வழியும் உண்டு: 'சுமிமாசென்'. மன்னிப்புக் கேட்கவும் அதுவே. சொல்லைப் பிரித்தால் 'முடியவில்லை', 'தீரவில்லை' என்று வரும். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன், இதை எப்படித் தீர்ப்பேன் என்ற தவிப்பு அதில் உள்ளது. சீனத்தின் 'ஷியே' எழுத்திலும் இந்த இரட்டைத் தன்மை இருக்கிறது. நன்றி சொல்லவும், விடைபெறவும், நயமாக மறுக்கவும், பிழைக்கு வருந்தவும், பூ வாடுவதைச் சொல்லவும் அந்த ஒரே எழுத்து போதும். கான்டனீசில் பொருளாகப் பெற்ற பரிசுக்கு ஒரு நன்றி, செய்துதந்த வேலைக்கு வேறு நன்றி. இரண்டாவதான 'ம்கோய்' என்பதன் நேர்ப்பொருள் 'கூடாதே', அதாவது உங்களுக்கு இந்த வேலையை வைத்திருக்கக் கூடாதே.

இத்தனை சொற்களை அடுக்கிய பிறகு ஓர் ஐயம் எழுந்தது. மனிதர்கள் உண்மையில் எத்தனை முறை இவற்றைச் சொல்கிறார்கள்? சைமியன் ஃபிளாய்டும் அவருடைய கூட்டாளிகளும் 2018இல் லண்டன் ராயல் சொசைட்டியின் திறந்தநிலை ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. எட்டு மொழிகளில், வீட்டிலும் ஊரிலும் தெரிந்தவர்களுக்குள் நடந்த அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து, ஒருவர் கேட்டு மற்றவர் உதவிய இடங்களை எண்ணினார்கள். நன்றி சொன்னது ஏறத்தாழ இருபதில் ஒரு முறைதான். மிகுதியாகச் சொன்ன ஆங்கிலத்திலும் இத்தாலியிலுங்கூட ஏழில் ஒரு முறை அளவுதான். ஈக்குவடாரின் சாப்பலா மொழியில் அதற்கென்று வழக்கமான தொடரே இல்லை. அங்கே உதவி கேட்டார்கள், உதவி கிடைத்தது, வேலை நகர்ந்தது. நன்றியுணர்வு அதனால் குறைந்துவிட்டதாக அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. கேட்டால் செய்வார்கள் என்பதே உறவின் இயல்பாக இருக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்லுக்கு வேலையில்லை.

அர்ஜுன் அப்பாதுரை 1985இல் தென்னிந்தியாவின் நன்றியுணர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தமிழ் வாழ்க்கையில் நன்றி வாய்ச்சொல்லைவிடத் திருப்பிச் செய்வதில் அதிகம் வெளிப்படுகிறது என்ற அவதானிப்பு அதில் உண்டு. நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் விளங்கும். தட்டில் சோறு போட்ட அம்மாவிடம் நன்றி என்று சொன்னால் அவர் முகம் வாடும். அந்தச் சொல் அவரை விருந்தாளிக்குப் பரிமாறுபவர்போல் தள்ளி நிறுத்திவிடும். தண்ணீர் எடுத்துக் கொடுத்த தம்பியிடம் நன்றி என்றால் அவன் சிரிப்பான். பக்கத்து வீட்டுக்காரர் குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராமல் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவது நம் வழக்கம். அதில் ஒரு சொல்லும் இல்லை.

அப்படியானால் இந்தச் சொல் யாருக்காக? அன்னியருக்காக என்று நினைக்கிறேன். நன்றிச் சொற்கள் இத்தனை எளிதாக மொழிவிட்டு மொழி தாவியிருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். போலந்துக்காரர்கள் 'ஜென்குயே' என்பது ஜெர்மன் 'டாங்க்' செக் மொழி வழியாக வந்த வடிவம். உக்ரைனியர் அதைப் போலந்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஈரானியர் தெருவில் பிரெஞ்சின் மெர்சியைச் சொல்கிறார்கள். ஃபிலிப்பீனியரின் 'சலாமத்' அரபியிலிருந்து வந்தது. அம்மா, தண்ணீர், கை போன்ற சொற்களை யாரும் இவ்வளவு சுலபமாகக் கடன் வாங்குவதில்லை. முன்பின் தெரியாதவரோடு பேசப்போகும் தெருவுக்கும் துறைமுகத்துக்கும் அலுவலகத்துக்கும் உரிய சொல் என்பதால், அது அந்தத் தெருவின் மொழியிலிருந்தே வருகிறது.

தமிழிலும் அதுதான் நடந்திருக்கிறது. மேடைப் பழக்கம் வந்தபோது கூட்டத்தின் கடைசியில் வந்தனோபசாரம் சொன்னார்கள். வந்தனம் என்றால் வணக்கம். தனித்தமிழ் உணர்வு வளர்ந்தபோது அந்த இடத்தில் நன்றியுரை வந்து அமர்ந்தது. இன்று அச்சிலும் மேடையிலும் நன்றி. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதும், வரிசையில் இடம்விட்டவரிடமும் தேங்க்ஸ். தேங்க்ஸ் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது செய்யும் வேலை தெருவின் வேலை, அதை நன்றாகவே செய்கிறது. என் வருத்தம் வேறு. குறளில் செயலாக இருந்த நன்றி தேங்க்ஸின் மொழிபெயர்ப்பாக வேலை பார்க்கத் தொடங்கியதால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 67ஆம் குறளின் கதவு மூடிக்கொண்டுவிட்டது.

நன்றிக்குச் சொல்லும் மறுமொழியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஸ்பானியர் 'ஒன்றுமில்லை' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரும் அதையே சொல்கிறார்கள். மலாய்க்காரர் 'அப்படியே உங்களுக்கும்' என்ற பொருளில் 'சாம சாம' என்பார்கள். தமிழில் இதற்கென்று பொறித்து வைத்த மறுமொழி இல்லை. இதுக்கெல்லாம் எதுக்கு என்போம், பரவாயில்லை என்போம். பரவாயில்லையில் உள்ள 'பர்வா'வும் பாரசீகம் தந்தது, கவலை என்று பொருள்.

எங்கள் ஆத்தா இவை எதையும் சொல்லமாட்டார். அவருடைய கடைசிக் காலத்தில், நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த பேரன்களில் ஒருவன் அவர் கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு "ரொம்ப நன்றி ஆத்தா" என்றான். அந்தச் சொல்லை அவர் வீட்டுக்குள் கேட்டது அதுதான் முதல்முறையாக இருக்கவேண்டும். ஒரு நொடி அவனைப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே "இருக்கட்டும்யா, இருக்கட்டும்" என்றார்.